பழைய படக்கருவியும் பழகாத கண்களும்

கருவி பழையதானால் அதைக் கழித்துவிட வேண்டும் என்பது இன்றைய நியதி. இந்நியதியை வகுத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. புதியது வந்துவிட்டது, ஆகவே பழையது பயனற்றது என்னும் முடிவு, ஆராய்ந்து கண்ட முடிவினைப் போலவே எங்கும் பேசப்படுகிறது. ஆசிரியர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்லோம். ஆராய்ந்து தெளியுமாறு மாணவர்க்குக் கற்பிக்கும் நாமே, ஆராயாமல் தெளிந்துவிடுகிறோம்.

அண்மையில் எங்கள் பள்ளியின் பொருளறையைத் துப்புரவு செய்தபோது, கழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலை எழுத்தர் என் மேசைமீது வைத்தார். உடைந்த நாற்காலிகள், சுழலாத மின்விசிறிகள், ஓசை எழாத ஒலிபெருக்கி ஆகியவற்றின் நடுவே, 'டிஜிட்டல் கேமரா – ஒன்று – பழையது' என்றொரு வரி இருந்தது. பழுதானது என்று அவர் எழுதவில்லை. பழையது என்றே எழுதியிருந்தார். அச்சொல் என்னை உறுத்தியது. பழையதாக இருப்பது ஒரு குற்றமா? குற்றமெனில், ஐம்பதைக் கடந்த தலைமையாசிரியரையும் அப்பட்டியலில் சேர்த்திருக்க வேண்டுமே!

அக்கருவியை எடுத்துவரச் செய்தேன். 2006 ஆம் ஆண்டில் பள்ளிக்கு வாங்கியது, உள்ளங்கையில் அடங்குவது. ஐம்பது இலட்சம் படப்புள்ளிகள் கொண்டது. கடிகாரத்தில் இடுகின்ற சிறிய மின்கலங்கள் இரண்டில் இயங்குவது. பின்புறம் தீப்பெட்டியினும் சிறிய ஒரு திரை. அதற்கு மேலே கண்ணை வைத்துப் பார்ப்பதற்கு ஒரு சிறு கண்ணாடிச் சாளரம். உற்பத்தியாளரின் பெயரை ஈண்டுக் கூற வேண்டுவதில்லை. விளம்பரம் செய்தல் என் நோக்கமன்று. அந்நாளில் எந்தக் கடையிலும் கிடைத்த எளிய கருவி அது.

அதைக் கொண்டு நான் செய்து பார்த்த சிறு முயற்சியும், அம்முயற்சி என்னுள் எழுப்பிய சினமுமே இக்கட்டுரை. சினம் என்று கூறத் தயங்கவில்லை. அச்சினத்திற்கு முதற்கண் ஆளாகுபவன் நானே என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

முயன்று பார்த்தது

முதலில் நானே அதனைக் கையாண்டேன். புதிய மின்கலங்களை இட்டுப் பொத்தானை அழுத்தியதும், சிறிய இரைச்சலுடன் வில்லை முன்னே நீண்டது. கைப்பேசியில் பழகிய விரல் அல்லவா? திடலில் ஓடிய சிறுவனை நோக்கிச் சட்டென்று அழுத்தினேன். படத்தில் சிறுவன் இல்லை. அவன் கடந்துபோன புல் மட்டுமே இருந்தது.

அதன் பிறகே அக்கருவியின் முறை நினைவுக்கு வந்தது. பொத்தானைப் பாதியளவு அழுத்த வேண்டும். கருவி தொலைவை அளந்து, ஒளியை அளந்து, பச்சை விளக்கைக் காட்டும்வரை பொறுக்க வேண்டும். பின்னரே முழுதும் அழுத்த வேண்டும். மின்னொளி ஒரு முறை பளிச்சிட்டால், அடுத்த ஒளிக்குத் தேவையான மின்னாற்றல் சேரும்வரை மீண்டும் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். எனவே, ஓடி வரும் சிறுவனைப் பிடிக்க வேண்டுமாயின், அவன் எங்கே வருவான் என்று முன்கூட்டியே எண்ணி, அவ்விடத்தை நோக்கிக் காத்திருத்தல் வேண்டும். இது கருவியின் குறையே. ஆயின், இக்குறை என்னை எண்ண வைத்தது, காத்திருக்க வைத்தது, பார்க்க வைத்தது.

இன்றைய திறன்பேசியோ வேறு வகையில் இயங்குகிறது. படமெடுக்கும் செயலியைத் திறந்தவுடனே அது காட்சிகளைத் தன் நினைவகத்தில் இடைவிடாது சேர்க்கத் தொடங்கிவிடுகிறது. நாம் அழுத்தும் கணத்தில், முன்னும் பின்னும் எடுத்த பல படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, இருண்ட இடத்தை ஒளியூட்டி, மிக்க ஒளியைத் தணித்து, ஒரே படமாக்கித் தருகிறது. வியத்தகு அறிவியல் இது, மறுப்பதற்கில்லை. எனினும், எப்போது எடுப்பது, எவ்வொளியில் எடுப்பது என்னும் முடிவுகளிற் பெரும்பகுதியைக் கருவியே எடுத்துக்கொள்கிறது. எஞ்சியிருப்பது நம் விரல் மட்டுமே.

அடுத்த வாரம் அக்கருவியை ஐந்தாம் ஆண்டு மாணவரிடம் கொடுத்தேன். கைப்பேசியை மாணவர் பள்ளிக்குக் கொண்டுவருதல் கூடாது என்பது நம் நாட்டுப் பள்ளிகளின் விதி. இக்கருவியோ பள்ளியின் உடைமை. பேசாது, விளையாட்டுக் காட்டாது, இணையத்தை எட்டாது. ஆகவே தடையில்லை. மூன்று விதிகளை வகுத்தேன். ஒருவர்க்கு மூன்று படங்களே. எடுக்கும் முன், எதனை, ஏன் எடுக்க விரும்புகிறார் என்பதை நல்ல தமிழில் ஒரு வாக்கியமாகக் கூற வேண்டும். எடுத்த படத்தை உடனே பார்த்தல் கூடாது. இதற்காகத் திரையின்மேல் ஒரு தாள் துண்டை ஒட்டிவிட்டேன். சாளரத்தின் வழியாகவே நோக்க வேண்டும்.

முதலில் முணுமுணுப்பே எழுந்தது. 'மூன்றே மூன்றா, ஐயா?' என்றான் ஒருவன். சற்று நேரத்தில் முணுமுணுப்பு அடங்கியது. கருவியைக் கையில் வாங்கியவர்கள் நடக்கத் தொடங்கினர், நின்றனர், குனிந்தனர், திரும்பி வந்தனர். சன்னலுக்கு எதிரே நண்பனை நிறுத்தி எடுத்தவன், மறுநாள் படத்தில் முகம் கருநிழலாகி நிற்கக் கண்டு, 'ஒளி அவனுக்குப் பின்னால் இருந்தது, ஐயா' என்று தானே காரணம் சொன்னான். செம்பருத்தியை மிக நெருங்கி எடுத்தவளின் படத்தில் பூ ஓரத்திற்கு ஒதுங்கியிருந்தது. சாளரம் ஓரிடத்திலும் வில்லை வேறோரிடத்திலும் இருப்பதால், அருகில் உள்ள பொருள் கண்ணுக்கு ஒருவாறும் கருவிக்கு வேறொருவாறும் தோன்றும் என்பதை அப்பூவைக் கொண்டே விளக்க முடிந்தது. அறிவியல் பாடநூலின் ஒரு பக்கத்தை அம்மாணவி இனி மறக்கமாட்டாள்.

ஒரு மாணவி தன் மூன்று படங்களையும், நாள்தோறும் பள்ளியைப் பெருக்கும் அம்மையாருக்கே செலவிட்டாள். பின்னர் எழுதிய கட்டுரையில், 'அம்மா இடக்கையால் துடைப்பத்தைப் பிடிக்கிறார். வலக்கையால் தூணைப் பற்றிக்கொண்டு படியில் இறங்குகிறார். அவருக்கு முழங்கால் வலிக்கிறது என்று நினைக்கிறேன்' என்று எழுதியிருந்தாள். அவ்வம்மையார் எங்கள் பள்ளியிற் பல்லாண்டு பணியாற்றுபவர். அவர் தூணைப் பற்றி இறங்குவதை நான் கண்டதில்லை. இல்லை, கண்டிருக்கிறேன், பார்த்ததில்லை.

அதே மாணவர்கள் சில திங்களுக்கு முன் கல்விச் சுற்றுலா சென்று வந்தனர். ஆசிரியர்களின் கைப்பேசிகளில் நூற்றுக்கணக்கான படங்கள் திரண்டன. சுற்றுலா பற்றிய கட்டுரைகளிலோ, 'இடம் மிகவும் அழகாக இருந்தது. நாங்கள் மகிழ்ச்சி அடைந்தோம்' என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வகுப்பில் ஒருமுறை செய்த முயற்சியைக் கொண்டு உலகுக்கு விதி வகுக்க நான் முற்படவில்லை. ஆயினும், தமிழாசிரியர்கள் இவ்விரு கட்டுரைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று.

தரம் என்னும் வாதம்

'இப்பழங்கருவியின் படம் தரம் குறைந்ததன்றோ?' என்பர் சிலர். இவ்வாதத்தைச் சற்றே அளந்து பார்ப்போம். படக்கடைகளில் நாம் வழக்கமாக அச்சிடும் படம் நான்கு அங்குலத்திற்கு ஆறு அங்குலம். ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளி என்னும் உயர்ந்த அளவில் அதனை அச்சிடத் தேவையானவை 1200க்கு 1800, அதாவது ஏறத்தாழ 22 இலட்சம் புள்ளிகள். இக்கருவி தருவதோ 50 இலட்சம். பள்ளி ஆண்டு மலரின் முழுப் பக்கத்திற்கும் அது போதும். மறுபுறம், பல கோடிப் புள்ளிகளுடன் கைப்பேசி எடுத்த படத்தை நாம் என்ன செய்கிறோம்? புலனத்தில் அனுப்புகிறோம். உயர்தரத்தில் அனுப்பும் வழியைத் தேர்ந்தாலன்றி, அனுப்பும்போதே அது சுருக்கப்பட்டுவிடுகிறது. பெற்றவர் அதனைக் கைப்பேசியின் சிறு திரையில் ஒரு நொடி பார்த்துத் தள்ளிவிடுகிறார். ஒரு நொடிப் பார்வைக்குப் பல கோடிப் புள்ளிகள் எதற்கு?

குறைகளை மறைக்க விரும்பவில்லை. மாலை மங்கினால் இக்கருவியின் படத்தில் மணல் தூவியதுபோற் புள்ளிகள் தோன்றுகின்றன. மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மேடையை எடுத்தால் மின்னொளி அங்கே எட்டுவதில்லை. இக்காலத்தில் விற்கும் பெரிய கொள்ளளவுடைய நினைவு அட்டையை அது ஏற்க மறுத்தது. இவை உண்மையே. ஆயின், பென்சிலால் தங்கமுலாம் பூச முடியாது என்பதற்காகப் பென்சிலை எறிந்துவிடுவார் உண்டோ? எழுதப் பழகுபவனுக்குப் பென்சிலே ஏற்றது.

இக்கருவிகள் வழக்கொழிந்ததற்குக் காரணம், அவை பயனற்றுப்போனமை அன்று. ஒளியை மின்னேற்றமாக்கும் உணரியின் அடிப்படையை 1969 ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தில் வில்லர்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் வகுத்தனர். அதற்காக 2009 ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். 1975 ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த முதற் கருவி, பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரே ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. அவ்விதையிலிருந்து வளர்ந்த மரம் 2010 ஆம் ஆண்டில் உச்சத்தை எட்டியது. அவ்வோராண்டில் மட்டும் 12 கோடிக்கும் மேற்பட்ட இலக்கவியல் படக்கருவிகள் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்டன. பத்தே ஆண்டுகளில், 2020 இல், அத்தொகை ஒரு கோடிக்கும் கீழே சரிந்தது. பையில் ஏற்கெனவே இருந்த கைப்பேசியே படமும் எடுத்துவிட்டதால் தனிக்கருவியை வாங்குவார் குறைந்தனர். இது சந்தையின் முடிவு. சந்தையின் முடிவு கல்வியின் முடிவாகிவிட வேண்டுமா? கணிப்பொறி வந்த பின்னும் வாய்பாட்டை நாம் கைவிடவில்லையே!

பழமைப் பித்தும் வேண்டா

இவ்வாறு கூறுவதால், இன்று இளைஞரிடையே பரவியுள்ள பழங்கருவி மோகத்திற்கு நான் பரிந்து பேசுவதாக எவரும் எண்ண வேண்டா. கடந்த சில ஆண்டுகளாக உலகின் பல நாடுகளிலும் இளைஞர்கள் இத்தகைய கருவிகளைத் தேடி வாங்குகின்றனர். எவரும் தொடாத கருவிகளுக்கு இப்போது விலை ஏறியுள்ளது. காரணம் கேட்டால், 'அந்தப் படத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு' என்கின்றனர். பளிச்சென்ற மின்னொளி, சற்றே மங்கிய விளிம்பு, மூலையில் செம்மஞ்சள் நிறத்தில் நாள். இவையே தனித்தன்மையாம்! இதே தோற்றத்தைக் கைப்பேசியில் போலியாக உண்டாக்கும் செயலிகளும் வந்துவிட்டன. எடுக்காத ஆண்டின் நாளைப் படத்தில் பொறித்து மகிழ்வாரும் உளர்.

குறையை அணிகலனாக்கிக்கொள்வது கலை ஆகாது. பழங்கருவியை வெறுப்பவர் அதன் வயதையே பார்க்கிறார். அதனைக் கொண்டாடுபவரும் அதன் வயதையே பார்க்கிறார். இருவருமே அதனால் எதனைப் பார்க்கலாம் என்று கேட்பதில்லை. எடுத்த படத்தை உடனே ஊரார்க்குக் காட்டத்தான் வேண்டுமெனில், அது 2006 இன் கருவியால் எடுத்ததாயின் என்ன, இன்றைய கருவியால் எடுத்ததாயின் என்ன? நோய் ஒன்றே, உடை மட்டும் வேறு.

சான்றுக்காகப் படம்

இனி, நம் வீட்டு அழுக்கைப் பேசுவோம். இன்று தமிழ்ப் பள்ளிகளில் மட்டுமன்று, எல்லாப் பள்ளிகளிலுமே, ஒரு நிகழ்ச்சி நடந்தது என்பதற்குச் சான்று படமே என்றாகிவிட்டது. சபைகூடலில் மாணவன் பேசினான்; படம். வாசிப்பு வாரம், படம். மரம் நட்டனர், படம். ஒரு பக்க அறிக்கை. அதில் நான்கு படங்கள். படம் இல்லையேல் நிகழ்ச்சி இல்லை. படம் இருந்துவிட்டால், நிகழ்ச்சி எவ்வாறு நடந்தது என்று கேட்பாரும் இல்லை.

ஒரு நாள் நான் நான்காம் ஆண்டு வகுப்பறையைக் கடந்து சென்றேன். ஆசிரியை கதை ஒன்றை உணர்ச்சியோடு வாசித்துக்கொண்டிருந்தார். மாணவர் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தனர். என்னைக் கண்டதும் ஆசிரியை வாசிப்பை நிறுத்தினார். 'எல்லாரும் புத்தகத்தைத் தூக்கிப் பிடியுங்கள்; ஐயாவுக்குப் படம் அனுப்ப வேண்டும்' என்றார். நாற்பது கைகள் உயர்ந்தன. நாற்பது புன்னகைகள் எழுந்தன. படம் எடுத்தாயிற்று. மீண்டும் வாசிப்பு தொடங்கியது. ஆனால், கதை எங்கேயோ போய்விட்டது.

குற்றம் அந்த ஆசிரியையினதன்று. முந்திய நாள் புலனக் குழுவில், 'வாசிப்பு வாரப் படங்கள் இன்னும் வந்து சேரவில்லை' என்று எழுதியவன் நான். கதையைக் கேட்ட குழந்தைகளைக் கதையிலிருந்து பிடுங்கி எடுத்தவனும் நானே. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்கட்கு முதலில் கற்பித்த பாடம் உற்றுநோக்கல். வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து, ஒரு குழந்தையை மட்டும் ஒரு பாடவேளை முழுதும் நோக்கிக் குறிப்பெழுத வேண்டும். எப்போது அவன் கவனம் சிதறுகிறது? எச்சொல்லைக் கேட்டதும் தலை நிமிர்கிறான்? அப்பயிற்சியைப் பெற்ற நாம், இன்று கைப்பேசியை உயர்த்திப் பிடித்த கணத்திலேயே குழந்தையைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். படம் வகுப்பறைக்காக எடுக்கப்படவில்லை. வகுப்பறையில் இல்லாத ஒருவர்க்காக எடுக்கப்படுகிறது.

'மேலிடம் கேட்கிறது, என் செய்வது?' என்பது எளிய விடை. மேலிடம் ஒன்று கேட்டால் நாம் பத்து எடுக்கிறோம் என்பதை நெஞ்சில் கைவைத்து மறுக்க இயலுமா?

வெளுக்கப்படும் முகங்கள்

இதனினும் கொடிது ஒன்றுண்டு. கைப்பேசிகள் பலவற்றில் முகத்தை 'அழகுபடுத்தும்' அமைப்பு இருக்கிறது. சிலவற்றில், நாம் கேளாமலே அது இயங்குகிறது. தோலின் வடுக்களை அழிக்கிறது, கன்னத்தை மெலிவிக்கிறது, நிறத்தை வெளுக்கிறது. நம் குழந்தைகளின் நிறம் என்ன? கருமையும் மாநிறமும் அன்றோ? அந்நிறத்தை ஒரு திருத்தத்தக்க பிழையாகக் கருவி கருதுகிறது. நாமோ அப்படத்தைப் பள்ளியின் முகநூலில் ஏற்றி மகிழ்கிறோம். கருவியிடம் கற்ற பாடத்தைக் குழந்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. தன் முகம் இவ்வாறு இருந்திருந்தால் நன்றாயிருக்கும் போலும் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொள்கிறது.

பழங்கருவி முற்றிலும் நடுநிலையானது என்று கூறமாட்டேன். அதுவும் கணக்கிட்டே நிறத்தை அமைக்கிறது. படச்சுருள் காலத்திலும் வெள்ளையர் தோல்நிறத்தையே அளவுகோலாகக் கொண்டு வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்த்த வரலாறு உண்டு. அக்குறையை இன்றைய நிறுவனங்களுள் சில உணரத் தொடங்கியுள்ளன. 2021 ஆம் ஆண்டில் கூகுள், கருநிறத் தோலையும் உள்ளவாறு காட்ட முனையும் ஓர் ஏற்பாட்டைத் தன் கைப்பேசியிற் சேர்த்தது. இது வரவேற்கத்தக்கதே. எனினும், எங்கள் பழங்கருவிக்கு முகம் இன்னது, முகத்தின் அழகு இன்னது என்னும் கருத்தே இல்லை. முன்னே நின்றவரை, நின்றவாறே காட்டுகிறது. அதன் படங்களை வகுப்பில் காட்டியபோது, 'ஐயா, என் நெற்றித் தழும்பு தெரிகிறது!' என்றான் ஒருவன். 'எப்படி வந்தது அத்தழும்பு?' என்று கேட்டேன். சைக்கிளில் விழுந்த கதையைப் பத்து நிமிடம் சொன்னான். தழும்பை அழித்திருந்தால் கதையும் அழிந்திருக்கும்.

அட்டையில் இருந்த பள்ளி

கருவியைச் சோதித்த முதல் நாளிலேயே, அதன் நினைவு அட்டையில் பழைய படங்கள் இருக்கக் கண்டேன். 2007க்கும் 2011க்கும் இடையில் எடுத்தவை. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவை. அக்காலத்தில் எங்கள் பள்ளி தோட்டத்திற்குள் இருந்தது. பின்னரே இப்போதைய இடத்திற்குப் பெயர்ந்தது. நான் அங்குப் பணியாற்றியவன் அல்லன். பலகைச் சுவர், தகரக் கூரை, சுவரில் சாய்த்த ஒரு சைக்கிள், பின்னணியில் தொழிலாளர் குடியிருப்பு வரிசை, அதற்கும் பின்னே செம்பனை. ஒரு படத்தில் சத்துணவுத் தட்டேந்தி ஆறு குழந்தைகள் நிற்கின்றனர். அக்குடியிருப்பு இன்றில்லை. அப்பள்ளிக் கட்டடமும் இன்றில்லை.

அதன் பின் எடுத்த படங்கள் எங்கே என்று தேடினேன். 2012 முதல் ஆசிரியர்கள் தத்தம் கைப்பேசியிலேயே எடுத்தனர். ஒருவர் மாற்றலாகிச் சென்றுவிட்டார். ஒருவருடைய கைப்பேசி ஆற்றில் விழுந்தது. ஒருவர் புதியது வாங்கியபோது பழையதைக் கடையிலேயே கொடுத்துவிட்டார். ஆயிரக்கணக்கில் எடுத்த ஆண்டுகளின் படங்களுள் என் கைக்கு வந்தவை ஐம்பதும் இல்லை. நூற்றுச் சொச்சம் எடுத்த ஆண்டுகளின் படங்களோ அப்படியே இருந்தன. தனிக்கருவி பள்ளிக்குச் சொந்தம். கைப்பேசி ஆளுக்குச் சொந்தம். ஆள் போனால் படமும் போகிறது. இவ்வெளிய உண்மையை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

1816 ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கிய இந்நாட்டுத் தமிழ்க் கல்வி, 2016 இல் இருநூறாம் ஆண்டை எட்டியது. 1957 இல் 800க்கும் மேலிருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று 500ஐச் சற்றே கடந்து நிற்கின்றன. மறைந்த பள்ளிகளின் முகம் யாரிடம் இருக்கிறது? எந்த அலமாரியில், எந்த அட்டையில், எந்தப் பாட்டியின் தகரப்பெட்டியில் இருக்கிறது? 'எங்கள் வரலாற்றை எழுதுவாரில்லை' என்று மேடைதோறும் முழங்கும் நாம், எழுதுதற்குரிய சான்றுகளைக் கழிவுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் எழுத்தர் கழிக்கவிருந்தது கருவியை மட்டுமன்று. அதனுள் இருந்த ஒரு பள்ளியையும் சேர்த்தே.

அந்த அட்டையும் அழியாத செப்பேடன்று. இத்தகைய அட்டைகளில் பதிந்தவை காலப்போக்கில் சிதையக் கூடும். மேலும், அப்படங்களில் நிற்கும் ஆறு குழந்தைகளின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. பழைய பெற்றோரிடம் காட்டினோம். நால்வரை அடையாளம் கண்டனர். இருவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. ஐம்பது இலட்சம் புள்ளிகளாலும் சொல்ல முடியாததை, படத்தின் பின்னே எழுதிய ஒரு வரி சொல்லியிருக்கும்.

செய்யத் தக்கவை

கைப்பேசியை எறிந்துவிடுங்கள் என்று நான் கூறவில்லை. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, வீட்டிலிருந்த பிள்ளைக்கும் ஆசிரியர்க்கும் பாலமாக நின்றது அதுவே. எழுதிய விடையைப் படமெடுத்து அனுப்பிய தாய்மார்களின் உழைப்பை மறந்தால் நாம் நன்றி கொன்றவராவோம். விரைந்து அறிவிக்க வேண்டுவனவற்றிற்குக் கைப்பேசியே ஏற்றது. பார்க்கப் பழகுவதற்கு அது ஏற்றதன்று என்பதே என் வழக்கு.

ஆசிரியப் பெருமக்களே! உங்கள் பள்ளியின் பொருளறையைத் திறந்து பாருங்கள். அங்கு ஒரு பழங்கருவி இருக்கக்கூடும். இல்லையெனில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். ஏதேனும் ஒரு வீட்டு மேசையறையில் உறங்கும். மோகம் ஏற்றிய விலை கொடுத்து வாங்க வேண்டா. சாதாரண மின்கலத்தில் இயங்குவதாயின் மிக நன்று. அக்கலம் எக்கடையிலும் கிடைக்கும். நெடுங்காலம் பயன்படுத்தாதபோது கலத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். கசிந்து கருவியை அரிக்கும். உள்ளே இருக்கும் அட்டையை அழிக்கும் முன், அதில் இருப்பதைப் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னர், அதனை மாணவர் கையில் கொடுங்கள். மூன்றே படங்கள் என்று வரையறை செய்யுங்கள். நான் சிறுவனாக இருந்தபோது, ஆண்டுக்கு ஒருமுறை படக்காரர் பள்ளிக்கு வருவார். அவர் சுருளில் முப்பத்தாறு படங்களே. விசிப்பலகையின்மேல் நாங்கள் அசையாமல் நின்றோம். ஒவ்வொரு படத்திற்கும் விலை உண்டு என்பது அவருக்கும் தெரியும், எங்கட்கும் தெரியும். இன்று படத்திற்கு விலையில்லை. ஆதலால் மதிப்பும் இல்லை. மூன்று என்னும் வரையறை அம்மதிப்பை மீட்டுத் தரும்.

எடுத்த படத்துள் ஒன்றையாவது அச்சிடச் செய்யுங்கள். அதன் பின்புறத்தில், யார், எங்கே, எந்நாள், என்ன செய்கிறார் என்பதை மாணவரே தமிழில் எழுதட்டும். அவ்வரியைத் திருத்துங்கள், மதிப்பெண்ணும் இடுங்கள். ஆண்டுக்கு ஐம்பது படங்கள் அவ்வாறு சேர்ந்தால் போதும். பத்தாண்டுகளில் அது ஒரு பள்ளியின் வரலாறாகும். அறிக்கைக்கு வேண்டிய படத்தை வகுப்பு முடிந்த பின் எடுங்கள். கதை கேட்கும் குழந்தையைக் கதையிலேயே விட்டுவிடுங்கள். இவ்வொன்றை மட்டுமாவது என் பள்ளியில் இனி விதியாகக் கொள்வேன் என்று ஆசிரியர் கூட்டத்தில் அறிவித்துவிட்டேன். புலனக் குழுவில் படம் கேட்டு எழுதுவதையும் நிறுத்திவிட்டேன்.

மாணவச் செல்வங்களே! உங்கள் கையில் எக்கருவி இருந்தாலும், அழுத்தும் முன் ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். 'இதனை நான் ஏன் எடுக்கிறேன்?' விடை கிடைத்தால் எடுங்கள். கிடைக்கவில்லையேல், கருவியைத் தாழ்த்தி, இன்னும் சற்றுப் பாருங்கள்.

எழுத்தர் தந்த பட்டியலில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டுக் கையொப்பம் இட்டேன். 'ஏன் ஐயா?' என்று கேட்டார். பெருக்கும் அம்மையாரின் படத்தை அவரிடம் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, 'இவருக்கு முழங்கால் வலியா, ஐயா?' என்றார். மறுநாள் அப்படியின் ஓரத்தில் கைப்பிடி பொருத்துவதற்கு விலை விசாரித்து வந்தார்.